மறதி முந்துமுன் நாம் முந்துவோம்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடந்த குடும்ப நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

முதுமை மறதி நோயைப் பற்றிப் பேச மருத்துவர் ஒருவரை அழைத்திருக்கலாம். சங்கத்துப் பெரியவர்கள் என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தளவாடத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு, லிட்டில் இந்தியாவில் அத்தா தொடங்கிய மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டிருப்பவன். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் ஏழு ஆண்டுகள் அத்தாவின் மறதியோடு ஒரே வீட்டில் வாழ்ந்திருக்கிறேன். அதில் நாங்கள் சரியாகச் செய்தவை கொஞ்சம், தவறவிட்டவை நிறைய. தவறவிட்டவற்றைத்தான் இன்று முக்கியமாகச் சொல்லப்போகிறேன். உங்கள் வீட்டில் அது நடக்காமல் இருந்தால் போதும்.

வியாபாரிக்குத் தெரிந்த ஒரு விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். நோன்பு மாதத்துக்கான பேரீச்சம்பழத்தை முதல் நோன்பன்று வாங்கப் போனால் என்ன ஆகும்? கிடைத்தாலும் நல்ல சரக்கு கிடைக்காது, விலையும் இரட்டிப்பாக இருக்கும். நாங்கள் பல மாதங்களுக்கு முன்பே பணம் கட்டிவிடுவோம். இந்த நோயும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் வேண்டியதை அதற்கு முந்திய கட்டத்திலேயே செய்துவைக்க வேண்டும். அந்தக் கட்டம் வந்தபிறகு செய்யப் போனால் சில காரியங்கள் இரட்டை விலைக்குக் கிடைக்கும், சில காரியங்கள் எந்த விலைக்கும் கிடைக்காது.

எங்கள் வீட்டில் நடந்தது

2015ஆம் ஆண்டு. அத்தாவுக்கு 66 வயது. ஒரு நாள் காலை கடைக்கு 20 மூட்டை வெங்காயம் வந்து இறங்கியது. மறுநாள் மீண்டும் 20 மூட்டை. கேட்டால், "நான் எங்கே சொன்னேன்? அவன் தப்பா அனுப்பிட்டான்" என்றார். சரக்குக்காரரோடு சண்டை. பிறகு, பணம் கட்டிய வாடிக்கையாளரிடம் மீண்டும் பணம் கேட்டார். பல வருடம் எங்களிடம் வாங்கியவர், அதன்பின் வரவே இல்லை.

வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நினைத்தோம். நான் ஒருநாள் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே, "அத்தா, நீங்க கல்லாவுல உட்காராதீங்க, வீட்டுக்குப் போங்க" என்று சத்தம் போட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அது நோய் என்று தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். தெரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆனது. 2017இல்தான் பலதுறை மருந்தகத்துக்குப் போனோம், அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அல்ஸைமர் என்றார்கள்.

அப்போதாவது விழித்திருக்க வேண்டும். மருத்துவமனைச் சமூக ஊழியர் "எல்பிஏ செய்துவிட்டீர்களா?" என்று கேட்டார். நீண்டகால அதிகாரப் பத்திரம் என்று விளக்கினார். நான், "அத்தா நல்லாத்தானே இருக்கார், பிறகு பார்க்கலாம்" என்றேன். அத்தாவிடம் போய்க் கையெழுத்துக் கேட்பது, சொத்தைப் பறிப்பது போல இருக்குமே என்ற கூச்சமும் இருந்தது. ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டேன்.

கடை தனி உரிமையாக அத்தா பெயரில் பதிவாகியிருந்தது. வங்கிக் கணக்கும் அவர் ஒருவர் பெயரில். 2018 கடைசியில் அவர் போட்ட கையெழுத்து காசோலைக்குக் காசோலை மாறத் தொடங்கியது. வங்கியில் விசாரித்தார்கள். உண்மையைச் சொன்னோம். கணக்கை நிறுத்திவைத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அது அவர்களுடைய கடமை. நான் அவசரமாக அத்தாவை மருத்துவரிடம் எல்பிஏவுக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் பொறுமையாக அரைமணி நேரம் அத்தாவோடு பேசினார். பிறகு என்னைத் தனியாக அழைத்து, "தாம் எதில் கையெழுத்துப் போடுகிறார் என்பது உங்கள் தந்தைக்குப் புரியவில்லை. நான் சான்றளிக்க முடியாது" என்றார்.

அன்று கதவு மூடிவிட்டது. பிறகு குடும்ப நீதிமன்றத்தில் மனுப் போட்டு, நான் அவருடைய பிரதிநிதியாக நியமிக்கப்பட வேண்டியிருந்தது. மருத்துவ அறிக்கை, உறுதிமொழிப் பத்திரம், உடன்பிறந்தோரின் சம்மதம், வழக்கறிஞர் கட்டணம் என்று மாதங்களும் ஓடின, சில ஆயிரம் வெள்ளியும் ஓடியது. அதுவரை சரக்குக்காரர்களுக்கு என் மனைவியின் நகையை வைத்துத்தான் பணம் கொடுத்தேன். ஒரு கையெழுத்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம்.

இது எத்தனை வீடுகளில்?

மனநலக் கழகம் 2013இல் நடத்திய ஆய்வில், சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாகத் தெரியவந்தது. பத்து ஆண்டு கழித்து அதே ஆய்வை மீண்டும் செய்தபோது, ஏறக்குறைய பதினொருவரில் ஒருவர். இந்த மண்டபத்தில் இருக்கும் பெரியவர்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். யாரையும் சுட்டிக் காட்டவில்லை, அந்தப் பதினொன்றில் ஒருவராக நாளைக்கு நானும் இருக்கலாம்.

மறதி எல்லாம் இந்த நோய் அல்ல. சாவியை வைத்த இடம் மறப்பது எல்லாருக்கும் உண்டு. சாவி எதற்கு என்பதே மறந்தால்தான் கவலைப்பட வேண்டும். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, காது மந்தம் ஆகியவையும் மறதி போலத் தோன்றும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அதனால்தான் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த நோயாக இருந்தால் முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. சில மருந்துகள் அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தணிக்கும். நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பதும் முக்கியம். மூளைக்கு இரத்த ஓட்டம் தடைபட்டும் இந்த நோய் வரும். நெய்ச்சோறும் குருமாவும் பிரியமாக உண்ணும் நம் வீடுகளுக்கு இது பொருந்தாது என்று சொல்ல முடியுமா?

முதல் கட்டம்: அவர் இன்னும் பேசும்போது

நோய் உறுதியான அன்றே எல்லாம் முடிந்துவிடுவதில்லை. நம்மவர்கள் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். "டாக்டர் அல்ஸைமர்னு சொல்லிட்டார், இனி கையெழுத்துச் செல்லாது" என்கிறார்கள். அப்படியில்லை. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்றே நம் மனத்திறன் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இல்லை என்றால்தான் அதை நிரூபிக்க வேண்டும். நோயின் தொடக்கத்தில் இருக்கும் பலரால் எல்பிஏ செய்ய முடியும். ஆனால் அந்த அவகாசம் எவ்வளவு நாள் என்று யாரும் எழுதித்தர மாட்டார்கள்.

எல்பிஏ என்றால் என்ன? 21 வயது நிறைந்த ஒருவர், தமக்குத் திறன் இருக்கும்போதே, "பிற்காலத்தில் எனக்குத் திறன் போய்விட்டால் என் சார்பில் இன்னார் முடிவெடுக்கட்டும்" என்று எழுதிவைப்பது. நலம் பற்றிய முடிவுகள் ஒரு பகுதி. சொத்து, பணம் பற்றியவை இன்னொரு பகுதி. இரண்டையும் ஒருவருக்கே கொடுக்கலாம், தனித்தனியாகவும் கொடுக்கலாம். சிங்பாஸ் மூலம் இணையத்தில் செய்கிறோம். அதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவர், மனநல மருத்துவர் அல்லது வழக்கறிஞர் ஒருவர் நேரில் பேசிச் சான்றளிக்க வேண்டும்.

மூன்று பயங்கள் நம் பெரியவர்களுக்கு உண்டு. ஒன்று, கையெழுத்துப் போட்ட மறுநாளே பிள்ளை பணத்தை எடுத்துவிடுவானோ என்பது. முடியாது. திறன் போய்விட்டது என்று மருத்துவர் சான்றளித்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும். இரண்டு, வீட்டை விற்றுவிடுவார்களோ என்பது. வீட்டை விற்கக் கூடாது என்று அதிலேயே கட்டுப்பாடு விதிக்கலாம். மூன்று, இது வாரிசுரிமையை மாற்றிவிடுமோ என்பது. மாற்றாது. உயிரோடு இருக்கும்வரைதான் அதற்கு வேலை. மௌத்துக்குப் பிறகு பராயிழ் சட்டப்படிதான் பங்கு.

அந்தப் பக்கம் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்பிஏ பெற்ற பிள்ளையால், பெற்றோருக்காக வஸிய்யத் எழுத முடியாது, மத்திய சேமநிதிக்கு நியமனதாரரைப் போடவும் முடியாது. அவற்றை அவர்களே, புத்தி தெளிவாக இருக்கும்போது செய்ய வேண்டும். ஹிபா கொடுப்பதற்கும் அறிவு தெளிவாக இருப்பது நிபந்தனை. வாரிசு அல்லாத ஒருவருக்கு, வளர்த்த பிள்ளைக்கோ ஒரு மதரஸாவுக்கோ, மூன்றில் ஒரு பங்குக்குள் கொடுக்க நினைத்திருந்தால் அதற்கும் இதுவே நேரம். விவரத்துக்கு முயிஸையோ இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞரையோ கேளுங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடை யார் பெயரில், வாடகை ஒப்பந்தம் யார் பெயரில், கணக்கு யார் பெயரில், யாருக்கு நாம் தர வேண்டும், யார் நமக்குத் தர வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் அத்தாவின் கடன் பாக்கியெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. தலையிலிருந்து அது அழிந்தபோது, பாக்கி வைத்தவர்களில் நேர்மையானவர்கள் மட்டும் வந்து கொடுத்தார்கள். மற்றவர்களை அல்லாஹ் பார்த்துக்கொள்வான்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: அவரிடமே கேளுங்கள். எந்த வீட்டில் இருக்க விருப்பம்? யார் குளிப்பாட்டினால் கூச்சம் இருக்காது? நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம்? மருத்துவமனைகளிலும் சமூக அமைப்புகளிலும் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து பேசிக் குறித்துக்கொள்வார்கள். முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் என்பது அதன் பெயர். அது சட்டப் பத்திரம் அல்ல. ஆனால் நாளைக்கு மருத்துவர் "உங்கள் தந்தை என்ன விரும்புவார்?" என்று கேட்கும்போது, அதற்குப் பதில் இருக்கும்.

இரண்டாம் கட்டம்: வீடு மாறும்போது

இரண்டாம் கட்டத்தில் அத்தா மாலையானால் அமைதியிழப்பார். "வீட்டுக்குப் போகணும்" என்பார். வீட்டில்தான் இருக்கிறார். எந்த வீடு என்று கேட்டால் தஞ்சோங் பகார் என்பார். அவர் பிறந்து வளர்ந்த அந்தக் கடைவீட்டு அறை எப்போதோ போய்விட்டது. அவர் படித்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. ஆனால் அவர் மனத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "அத்தா, அந்தப் பள்ளிக்கூடம் இப்ப இல்லை" என்று நான் வாதாடினேன். அவர் அழுதார். அக்காதான் வேறு வழி கண்டுபிடித்தாள். "பள்ளிக்கூடத்துல யாரெல்லாம் உங்ககூடப் படிச்சாங்க, அத்தா?" என்று கேட்பாள். அரைமணி நேரம் சொல்லிக்கொண்டே இருப்பார். வீட்டுக்குப் போகும் எண்ணம் தானாக மறந்துவிடும். வாதாடி ஜெயிப்பதால் ஒரு பயனும் இல்லை.

ஒருநாள் சுபுஹுக்கு முன்னே எழுந்து, கதவைத் திறந்து போய்விட்டார். நான்கு மணி நேரம் கழித்து ஒரு பேருந்து நிலையத்தில் ஒரு சீன ஆன்ட்டி பிடித்து உட்காரவைத்திருந்தார். அவர் சட்டைப் பையில் என் கைப்பேசி எண் எழுதிய தாள் இருந்தது. அதை எழுதிவைத்தது அம்மா. அந்த யோசனை அதற்கு முந்திய வாரம்தான் அம்மாவுக்கு வந்தது. ஒரு வாரம் தாமதமாகியிருந்தால்?

அதனால், அலைந்து திரிவதற்கு முன்பே செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். பெயரும் தொடர்பு எண்ணும் உள்ள கைவளையமோ அட்டையோ போட்டுவிடுங்கள். டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பின் 'காரா' செயலியில் பதிவு செய்யுங்கள். காணாமல் போனால் அதன்வழித் தகவல் பரப்பலாம். புளோக் கீழே இருக்கும் காப்பிக்கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிவாசல் ஊழியர் ஆகியோரிடம் வெட்கப்படாமல் சொல்லிவையுங்கள். நாங்கள் ஒரு வருடம் மறைத்துவைத்தோம். சொன்ன பிறகு, பள்ளிவாசலில் செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பும் அத்தாவைப் பிடித்து உட்காரவைக்க நாலு பேர் இருந்தார்கள்.

அடுப்புக்குப் பாதுகாப்பு விசை, குளியலறையில் கைப்பிடி, இரவில் விளக்கு ஆகியவை கீழே விழுந்து இடுப்பு உடைந்த பிறகு போடுவதற்கானவை அல்ல. பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்கு ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் மூலம் விண்ணப்பிக்கலாம். உடனே இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். தேவைப்படும் முன்பே பெயர் கொடுங்கள். அவரும் பழகிக்கொள்ள நாள் வேண்டும். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட் முடக்கம் இருந்தபோது, அத்தா போய்வந்த நிலையம் மூடியிருந்தது. அந்த எட்டு வாரத்தில் அவர் இறங்கிய படிகளைத் திரும்ப ஏறவே இல்லை. நிலையம் அவருக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

தொழுகையைப் பற்றிப் பலர் கேட்கிறீர்கள். அத்தா ரக்அத்தை மறப்பார், தொழுத தொழுகையையே மீண்டும் தொழுவார். நான் முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு உஸ்தாத், "பக்கத்தில் நின்று நீ சத்தமாகத் தொழு, அவர் உன்னோடு வருவார். வராவிட்டாலும் விட்டுவிடு. புத்தி நீங்கியவர் மீது கடமை இல்லை" என்றார். மனம் லேசானது. நோன்பும் அப்படித்தான். நீரிழிவு மருந்து சாப்பிடுபவர், தாம் நோன்பு வைத்திருப்பதையே மறப்பவர் என்றால், நோன்பு வருமுன்பே மருத்துவரிடமும் உஸ்தாதிடமும் பேசி முடிவெடுங்கள். ஸஹர் நேரத்தில் வீட்டுக்குள் வாக்குவாதம் வேண்டாம்.

குளிப்பாட்டுவது இன்னொரு பெரிய விஷயம். அம்மாவால் முடியாமல் போன அன்று நான் முதல் முறையாக அத்தாவைக் குளிப்பாட்டப் போனேன். கைலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீ யாரு?" என்றார். "உங்க மகன்தான், அத்தா" என்றேன். "என் மகன் சின்னப் பையன்" என்றார். அன்று குளிக்காமலே விட்டுவிட்டேன். பிறகு கற்றுக்கொண்டேன். கைலியோடே தண்ணீர் ஊற்ற வேண்டும். முதலில் காலில், பிறகு மேலே. என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். பணிப்பெண் வைக்கப்போகிறீர்கள் என்றால், ஆண் நோயாளிக்கு இதை யார் செய்வது என்பதை முன்பே பேசி முடிவெடுங்கள். பணிப்பெண்ணை எடுத்த பிறகு பேசினால் அவரும் சங்கடப்படுவார், அத்தாமாரும் சங்கடப்படுவார்கள்.

பணமும் பங்கும்

நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தைப் பிரிப்பது பெரும்பாலும் பணம்தான். என் அண்ணன் ஜொகூர் பாருவில் இருக்கிறார். ஒருநாள் தொலைபேசியில், "கடைக் கணக்குல இருந்த பணம் எங்கே போச்சு?" என்று கேட்டார். கேட்டதில் தவறில்லை. நான் சொல்லவில்லை, அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் மூன்று மாதம் நாங்கள் பேசவில்லை. அதன்பிறகு அத்தாவுக்கென்று தனியாக ஒரு செலவுப் புத்தகம் போட்டேன். டயப்பரிலிருந்து டாக்ஸி வரை. ரசீதைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். அண்ணனின் கேள்வி நின்றது. அதைவிட, "இவ்வளவு ஆகுதா? நான் மாசாமாசம் அனுப்புறேன்" என்றார். கணக்கு காட்டியதும் உறவு திரும்பி வந்தது.

உதவிகளும் இருக்கின்றன, தெரிந்துகொள்ளுங்கள். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறை செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்று ஆறு செயல்களைக் கணக்கில் எடுப்பார்கள். அவற்றில் மூன்றுக்கு நிரந்தரமாக உதவி தேவைப்பட்டால், கேர்ஷீல்டு லைஃப் அல்லது எல்டர்ஷீல்டு காப்புறுதியிலிருந்து மாதத் தொகை கோரலாம். எல்டர்ஷீல்டு 2002இல் வந்தது. நம் பெற்றோர் பலர் அதில் இருப்பதையே மறந்திருப்பார்கள். தேடிப் பாருங்கள். 2019இல் தொடங்கிய இல்லப் பராமரிப்பு மானியமும் அதே மூன்று செயல் கணக்கில்தான், குடும்ப வருமானத்தைப் பொறுத்து. பணிப்பெண்ணுக்கான தீர்வையிலும் சலுகை உண்டு. தொகைகள் அவ்வப்போது மாறும் என்பதால், விண்ணப்பிக்கும்போது ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்தைவிடப் பெரிய பங்கு ஒன்று இருக்கிறது. அதைப் பெரும்பாலும் ஒரு பெண்தான் சுமக்கிறாள். எங்கள் வீட்டில் அம்மாவும் அக்காவும். அக்கா வேலையை விட்டாள். நான் கடையைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அக்கா குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதைக் கேட்டேன். அன்று முதல் செவ்வாய், வெள்ளி இரவு என் முறை, ஞாயிறு முழுக்க என் முறை என்று எழுதி ஒட்டினோம். இளைஞர்களே, "எங்க அக்கா நல்லாப் பார்த்துக்கிறாங்க" என்று பெருமையாகச் சொல்லாதீர்கள். உங்கள் முறை எது என்று சொல்லுங்கள்.

கடைசிக் கட்டம்: ஒரு கேள்வி

2021 இறுதியில் அத்தாவுக்கு விழுங்குவது கஷ்டமாகிவிட்டது. கஞ்சியும் தண்ணீரும் மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா வந்தது. மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் எங்களை வராந்தாவுக்கு அழைத்து, மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவு கொடுப்பது பற்றிப் பேசினார். குழாய் வைத்தாலும் இந்தக் கட்டத்தில் நிமோனியா வராது என்று உறுதி சொல்ல முடியாது, அவர் குழாயைப் பிடுங்கவும் கூடும், கையைக் கட்ட வேண்டியும் வரலாம் என்று விளக்கினார். பிறகு கேட்டார்: "உங்கள் தந்தை இதைப் பற்றி எப்போதாவது ஏதாவது சொல்லியிருக்கிறாரா?"

அண்ணன் வைக்க வேண்டும் என்றார். அக்கா வேண்டாம் என்றாள். அம்மா அழுதார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தா ஒன்றும் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதில்லை. 2017இல் காப்பி குடித்துக்கொண்டே பத்து நிமிடத்தில் கேட்டிருக்கலாம். அன்று வராந்தாவில் மூன்று பேரும் சொன்னது அவரவர் அச்சத்தை. அத்தாவின் விருப்பம் அங்கே இல்லவே இல்லை. கடைசியில் குழாய் வைத்தோம். அது சரியா தவறா என்று இன்றுவரை எங்கள் மூவருக்கும் தெரியாது. 2022 தொடக்கத்தில் அத்தா வீட்டிலேயே மௌத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அதன்பிறகு கடை மேசையின் அடி இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது, அத்தாவின் சின்னக் குறிப்புப் புத்தகம் ஒன்று கிடைத்தது. 2014ஆம் ஆண்டு. நாங்கள் எதையும் கவனிக்குமுன். அதில் அவர் கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தார்: எந்தச் சரக்குக்காரருக்கு எந்த நாள், கல்லாச் சாவி எங்கே, என் பிள்ளையின் பெயர், வீட்டுத் தொலைபேசி எண். முதன்முதலில் தெரிந்துகொண்டவர் அவர்தான். ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல், தனியாக, தம்மால் முடிந்த அளவுக்கு முன்னேற்பாடு செய்திருக்கிறார். அந்த வருடம் நாங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்தப் புத்தகத்தில் இன்னும் எவ்வளவோ எழுதியிருப்பார்.

அம்மாவிடம் கேட்டோம்

இத்தா முடிந்து சில மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நாங்கள் மூவரும் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தோம். அம்மாவுக்கு எந்த நோயும் இல்லை. பேச்சை எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. "அத்தாகிட்ட கேட்காம விட்டுட்டோம், அம்மா. உங்ககிட்டயாவது கேட்கணும்" என்றேன். அம்மா கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். "இவ்வளவு நாள் கழிச்சாவது கேட்டீங்களே" என்றார்கள்.

பிறகு சொன்னார்கள், நாங்கள் நினைத்தே பார்க்காததையெல்லாம். குளிப்பாட்ட மகளும் மருமகளும் மட்டும், மகன்கள் வேண்டாம். ஊருக்கு அனுப்ப வேண்டாம், பேரப்பிள்ளைகள் இருக்கும் இடம்தான் ஊர். குழாய் வேண்டாம், கஞ்சி ஒரு கரண்டி இறங்குகிற வரைக்கும் கொடுத்தால் போதும். தாதிமை இல்லத்தில் சேர்க்க வேண்டிவந்தால் சேருங்கள், அதற்காக அக்கா மறுபடி வேலையை விடக் கூடாது. இதைச் சொல்லும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த ஒரு வாக்கியம், எங்கள் அக்காவை எதிர்காலத்தில் எத்தனை குற்ற உணர்விலிருந்து காப்பாற்றும் என்று எண்ணிப் பாருங்கள். அதை அம்மாவால் மட்டும்தான் கொடுக்க முடியும், இப்போது மட்டும்தான் கொடுக்க முடியும்.

அந்த மாதமே எல்பிஏ முடித்தோம். அக்காவும் நானும். எங்களுக்கு முடியாமல் போனால் அண்ணன். பராமரிப்புத் திட்டமும் பேசிப் பதிவு செய்தோம். பிறகு வீட்டுக்கு வந்து நானும் என் மனைவியும் எங்களுக்கும் செய்துகொண்டோம். 38 வயதில் எதற்கு என்று என் நண்பர்கள் சிரித்தார்கள். விபத்துக்கும் பக்கவாதத்துக்கும் வயதில்லை என்றேன்.

அம்மா இன்று முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல நினைவோடு இருக்கிறார்கள், நான் எதையாவது தப்பாகச் சொன்னால் வீட்டில் திருத்துவார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இன்றைக்கு இங்கே சாப்பாடு முடிந்து வீட்டுக்குப் போகிறீர்கள். எம்ஆர்டியிலோ காரிலோ உங்கள் அத்தாவோ அம்மாவோ பக்கத்தில் இருப்பார்கள். பெரிய பேச்சு வேண்டாம், பத்திரம் எதுவும் வேண்டாம். "உங்களுக்கு எப்படி வேணும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். மற்றக் காரியங்களுக்கு அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம்.

நம் சங்கத்தை 50 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியவர்கள், இன்று நாம் இந்த மண்டபத்தில் கூடுவோம் என்று முன்கூட்டியே யோசித்தவர்கள். அவர்களில் சிலர் இன்று நம் பெயரை மறந்திருக்கலாம். நாம் அவர்களை மறக்காமல் இருப்போம்.

வஸ்ஸலாம்.